இறங்கும் என்று சொன்னேன்

ஜூன் 3

டாலர் 84. நாணயமாற்றுக் கடை வாசல் பலகையில் எண் அட்டைகளை மாற்றிச் செருகுவதுதான் காலையில் என் முதல் வேலை. முடிப்பதற்குள் தம்பி வந்து நின்றான், மனையை விற்ற பணத்தோடு. மகளுக்கு வெளிநாட்டில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஜூலை பத்துக்குள் கட்டணத்தை டாலராகக் கட்ட வேண்டும். இன்றைய விலைக்குச் சரியாக எட்டும்.

"இப்பவே வாங்கிடட்டுமாக்கா?"

"பொறுடா. லீவுக்கு வெளிநாடு போய்த் திரும்புறவங்க மிச்ச டாலரை இங்கதான் வந்து கொட்டுவாங்க. 82க்கு இறங்கும். மிஞ்சுற காசுல பிள்ளைக்கு நல்ல பெட்டியா வாங்கிக் கொடு."

முதலாளி உள்ளிருந்து முறைத்தார். ரேட் சொல்லலாம், ஜோசியம் சொல்லக் கூடாது என்பது கடைச் சட்டம். கூடப் பிறந்தவனுக்குமா சட்டம்?

ஜூன் 11

85. ஏறினது இறங்காதா என்ன?

ஜூன் 19

87. எல்லோரும் வந்து கொட்டத்தான் செய்கிறார்கள். இழுப்பறை மூடவே மாட்டேன் என்கிறது. பிறகு ஏன் ஏறுகிறது? முதலாளியிடம் கேட்டேன்.

"எண்ணெய் வாங்க டாலர் கிடைக்காம நாடே அலையுது. நீ உன் டிராயரைப் பாத்துக் கணக்குப் போட்டுக்கிட்டிருக்கியேம்மா!"

வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடம் இந்த நாற்காலியைத் தேய்த்து என்ன பயன்?

சாயங்காலம் தம்பி போன் செய்தான். உடனே வாங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பாரு" என்றேன். ஏன்டி அப்படிச் சொன்னே? உன் பேச்சு பொய்யாகிடக் கூடாதுன்னா?

ஜூலை 2

91.

ஜூலை 9

93. என் சேமிப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். அப்படியும் எட்டவில்லை. இனிக் கடன் கேட்க அவனுக்கு ஆளில்லை.

"விடுக்கா. நல்லதுக்குத்தானே சொன்ன."

திட்டித் தொலைத்திருக்கலாம். அவன் மனைவி மட்டும் முகம் பார்க்காமல் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூலை 10

கெடு முடிந்தது. இடமும் போயிற்று.

ஆகஸ்ட் 22

தம்பி மகள் எங்கள் எதிரே இருக்கும் செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கண்ணாடி வழியே தெரிகிறாள் — யாருடைய போனுக்கோ உறை மாட்டிக்கொண்டு. என் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 14

82.

இரண்டைச் செருகும்போது கை நின்றுவிட்டது. எதிர்ப் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் மத்தியானம் அவளே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, 82! நீங்க அன்னிக்கே சொன்னீங்களே!"

குத்தலே இல்லை. நான் சொன்னது பலித்ததில் அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். பாவி, என் மேல் கொஞ்சம் கோபமாவது படக் கூடாதா?  தன் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று ஓடிவிட்டாள்.

எனக்கும் ஒருவர் வந்தார். "இன்னும் இறங்குமாம்மா?" என்றார்.

"தெரியாதுங்க."

கொஞ்சம் யோசித்தார். பிறகு தேவையானதை வாங்கிக்கொண்டு போனார்.