நின்றால் இறங்கும்

ஆம்பூர்,
4-3-1981

அன்பு மகள் அமிர்தவள்ளிக்கு,

இதை உன் அப்பாவே எழுதுகிறேன். முதியோர் பள்ளியில் ஏழு மாதம் உட்கார்ந்தது வீண் போகவில்லை. உன் பெயரை எழுதவே ஒரு காலைப் பொழுது போயிற்று. இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்தது என் தப்புதான்.

எங்கள் தோல் பதனிடும் டேனரியின் சகதிக் குட்டை மேலே காய்ந்து தரை போல இருக்கிறது. ஆட்கள் அதன்மேல் ஓடியே அக்கரை போகிறார்கள். தாங்குகிறது. இப்போது நடுவில் நின்று குழாய் பூட்ட வேண்டுமாம். மேஸ்திரி ரஃபி அகமது உன் அண்ணன் சம்பத்தைத்தான் போட்டிருக்கிறார். அவனுக்குப் பயம். "தங்கச்சி இன்னா சொல்லுதோ, அப்பால எறங்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

ஓசையை உள்ளே விட்டு, தோலில் காய்ச்சும் வஜ்ஜிரப் பசை எவ்வளவு கெட்டி என்று உன் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பீர்களே, அப்படி இதையும் பார். லாரியில் ஒரு டின் சகதி வருகிறது.

உன் அப்பா,
பரந்தாமன்

---

மதராஸ்,
11-3-1981

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைக் கூட வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் காட்டினேன். எங்கள் சார் உங்கள் சகதியில் ஓசை விட்டுப் பார்த்தார். கருவியின் கணக்குப்படி அது நன்றாக உறைந்த வஜ்ஜிரத்தைவிடக் கெட்டி.

(தாள் 2)

ஆனால் அப்பா, அதை நம்பி யாரும் நிற்கக் கூடாது. இந்த ஓசை நம் காதுக்கே கேட்காது, நொடிக்குப் பல லட்சம் முறை அதிர்வது. அவ்வளவு வேகத்தில் சகதியும் கெட்டியாகத்தான் தெரியும். அரைகுறையாக உறைந்த வஜ்ஜிரத்தைப் படாரென்று தட்டினால் கை எகிறும். விரலை வைத்தபடியே இருந்தால் உள்ளே இறங்கும். ஓடுகிறவனைத் தாங்குவது நிற்கிறவனைத் தாங்காது. வெள்ளிக்கிழமை எடை வைத்துப் பார்த்துத் தந்தி கொடுக்கிறேன். அதுவரை அண்ணனை நிறுத்தி வையுங்கள்.

அமிர்தவள்ளி

---

ஆம்பூர்,
13-3-1981, மதியம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. டேனரி வாசலில் நின்று எல்லார் முன்பும் நானே படித்தேன். ‘கெட்டி’ என்ற இடத்தில் கை தட்டினார்கள். ரஃபி அகமது, "பெரியவரே, ஜோரு" என்று தோளைத் தட்டி, அந்தத் தாளை ஆபீசில் காட்ட வாங்கிக்கொண்டார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. சம்பத் சிரித்துக்கொண்டே குட்டையில் இறங்கினான்.

இரண்டாம் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரே மூச்சில் படித்துத் தீர்த்துவிட மனமில்லை. சாயங்காலம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

பரந்தாமன்

---

ஆம்பூர்,
2-4-1981

அமிர்தவள்ளிக்கு,

அண்ணன் காரியம் முடிந்து நீ மதராஸ் போனதிலிருந்து சோறு இறங்கவில்லை. கருவி பொய் சொல்லிவிட்டது, வேலையை விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எச்சரித்து எழுதியது போதாது என்கிறாய். ஆபீசில் முதல் தாளை வைத்துக்கொண்டு, "உம்ம பொண்ணுதான் கெட்டின்னு எழுதிக் குடுத்துச்சு" என்கிறார்கள்.

உன் தந்தி மூன்று மணிக்கு வந்தது. அப்போது சம்பத்தைக் கயிறு போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் நின்றுதான் இரண்டாம் தாளைப் பிரித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும் முன் அவனை வெளியே எடுத்துவிட்டார்கள்.

நீ ஒன்றும் விடவில்லை. முழுதும் எழுதினாய். பாதி படித்தவன் நான். எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் பாதியில் நிறுத்தினேன். அந்த இரண்டாம் தாளை இதோடு வைத்திருக்கிறேன். விசாரணையில் யார் கேட்டாலும் அதையும் இந்தக் கடிதத்தையும் காட்டு. நான் எழுதியது என் கையால்தான், ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் பாதியில் நிறுத்தியது உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. எதிரே உட்கார்ந்து, என்ன எழுதுகிறேன் என்று கேட்கிறாள். இதை அவளுக்கு முழுவதும் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

பரந்தாமன்