உங்கள் முறைக்கு நான் வைத்த படம்

என்னங்க, உங்களைத்தான்,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆனாலும் அதைக் கேட்காமல் எனக்கு எழுதத் தொடங்க வரவில்லை. இங்கே எல்லோரும் சுகம். மகள் தெல்தெனியவிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்துவிட்டுப் போன கிழமைதான் திரும்பினாள். ஹந்தானைப் பக்கம் பின்னேரமானால் மழை. உங்கள் குடையை இப்போது நான்தான் பிடிக்கிறேன்.

அந்த விமான ஆட்டத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாலு பேர் வாசிக்கப்போகிற கடிதம் இது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பின்னேரம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நஸீர் நானாவின் மணிக்கூட்டுக் கடையில் நீங்களும் அவரும் சிவபாதம் மாஸ்டரும் கூடுவீர்கள். பெயரை வெட்டி நீக்கிய பழைய விமானப் படம் ஒன்றை ஒருவர் மேசையில் வைப்பார். அது எந்த விமானம் என்று மற்ற இருவரும் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு மூலையில் நாலைந்து செய்து கைவிட்ட விமானமாக இருந்தால் உங்களுக்கு இன்னும் சந்தோஷம். யாரும் தேடிப் பார்க்காமலிருக்க, போன்கள் எல்லாம் நானாவின் மேசை லாச்சிக்குள் போய்விடும். சரியாகச் சொன்னவருக்குத்தான் அடுத்த படம் வைக்கிற முறை. விமான நிலையமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு மூன்று பெரிய மனிதர்களுக்கு இது ஒரு வேலையா என்று நான் எத்தனை தரம் திட்டியிருப்பேன்!

கடைசி ஞாயிறு நீங்கள்தான் சரியாகச் சொல்லியிருந்தீர்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "சரோ, அடுத்தது என் முறை. ரெண்டு பேரையும் திணறடிக்கிறேன் பாரு" என்றீர்கள். அந்தக் கிழமையே நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மாஸ்டர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"தங்கச்சி, ஆட்டம் நிண்டுபோச்சு. இப்ப அவற்ற முறை. அவர் வைக்காமல் நாங்கள் வைக்கேலாது."

"நீங்களே ஒண்ண வச்சு ஆடுங்களேன் மாஸ்டர்" என்றேன்.

நஸீர் நானா பதறிவிட்டார். "அது எப்பிடி? அவர்ட முறைய நாங்க எடுக்கிற சரியில்ல புள்ள. அவருக்காக நீங்க ஒரு படம் வைங்க."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மனிதரே போய்விட்டார், இவர்களுக்கு முறை ஒரு கேடா! அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். உங்கள் சட்டைகளை மகள் யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அரசாங்கக் கச்சேரி வேலைக்கு நீங்கள் கொண்டுபோகிற பை தம்பியிடம் போய்விட்டது. எல்லோரும் உங்கள் காரியங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருக்க, இந்த இரண்டு பேரும் இது அவருடையது என்று ஒன்றைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். அதை நினைத்து அழுதேன்.

எனக்குப் பெயர் தெரிந்த விமானப் படம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் ரத்மலானை விமானக் கண்காட்சிக்குக் கூட்டிப்போய் எடுத்தீர்களே, அதுதான். முழு விமானமும் விழ வேண்டும் என்று நீங்கள் பின்னுக்குப் போய்ப் போய், என் முகம் மிளகளவுதான் விழுந்தது. ஒருநாள் ஆட்டத்துக்கு உதவும் என்று அந்த இரண்டு பேருக்கு மட்டும் ஒளித்துவிட்டு, வீட்டுக்கு வேறு யார் வந்தாலும் அதைக் காட்டி, "இது பேலியல். பக்கத்துல நிக்கிறது என் வைஃப்" என்பீர்கள். அந்த வரிசையில்தான் சொல்வீர்கள். பெயர் எனக்கு மறக்குமா?

போன ஞாயிறு அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ஓட்டப் பழகிற ஆக்களுக்குச் செய்த விமானம். ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில இருக்கிற மாதிரி. இது ப்ரோவோஸ்ட்."

"இல்ல மாஸ்டர்!"

அதைச் சொல்ல எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? ஞாயிறு பின்னேரங்களில் நீங்கள் ஏன் அப்படி முகம் மலர்ந்து வந்தீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

"மூக்குத் தெரிஞ்சால் உடன சொல்லிப்போடுவன். நீங்கள் எல்லோ மறைச்சுக்கொண்டு நிக்கிறியள்" என்று மாஸ்டர் குறைப்பட்டார்.

"அன்னிக்கு உங்களுக்காகவா மாஸ்டர் நின்னேன்?" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். நீங்கள் போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நானா மணிக்கூடு பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு விமானத்தின் சக்கரக் காலைப் பார்த்தார். "ப்ரோவோஸ்ட்டுக்குக் கால் மடியாது மாஸ்டர். இது இறக்கைக்குள்ள மடியிற கால்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேலியல்?"

சரி என்று சொல்ல வேண்டும். நான் படத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். சொன்னால் முறை அவருக்குப் போய்விடும். உங்கள் முறை என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன? இன்னும் கொஞ்ச நாள் உங்களுக்காக இரண்டு பேர் காத்திருப்பார்கள் அல்லவா?

நானா அவசரப்படுத்தவில்லை. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "பதில அடுத்த ஞாயிறு செல்லுங்க புள்ள, பரவாயில்ல" என்றார்.

ஆனால் இந்த ஆட்டத்தில் நீங்கள் ஒருநாளும் பொய் சொன்னதில்லையே. "சரி நானா" என்றேன். சொல்லிவிட்டு அந்தக் கடையிலேயே அழுதேன். மாஸ்டர் எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

வருகிற ஞாயிறு நானா படம் வைக்கிறார். நானும் வர வேண்டும் என்று இருவரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போவேன். எனக்கு இறக்கையும் தெரியாது, வாலும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லித் தோற்பேன், மாஸ்டர் கேலி செய்வார், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என்றைக்காவது ஒருநாள் சரியாகச் சொல்லி, அந்த முறையை நம் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவேன். இது சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
சரோஜா