டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவனுக்கு

இன்று கடை அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய வீடியோ கேசட் கையில் வந்தது. பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. உறையில் உன் கோணல் எழுத்து: 'கண்டமங்கலம், 1993'. உன் கடைசி எபிசோடை நான் என்ன செய்தேன் என்று உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த உறுத்தலும் கூடவே வந்தது.

திண்டிவனத்தில் நாம் வீடியோ கடை போட்டு மூன்று மாதம்கூட ஆகாத நேரம், கண்டமங்கலத்தில் ஒரு கல்யாணம். நீ கேமரா, நான் லைட். மணமேடையில் யாரோ தும்ம, அபசகுனம் காதில் விழக் கூடாதென்று கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். தாலி ஏறிவிட்டதென்று நினைத்து சனம் மொத்தமும் அட்சதையை வீசிவிட்டது. நிஜமாகவே தாலி கட்டும்போது ஒருவர் கையிலும் அரிசி இல்லை. எல்லோரும் குனிந்து தரையில் பொறுக்கினார்கள். நீ தாலியை விட்டுவிட்டு அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாய்.

"தொழிலயே கெடுத்துட்டியேடா" என்று திட்டித் தீர்த்தேன். வீடியோ டெக்கைத் தூக்கிக்கொண்டு, விழுப்புரத்தில் பஸ் மாறி, பயந்துகொண்டே பெண் வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினோம். பெண்ணின் அம்மாதான் முதலில் சிரித்தார். அப்புறம் வீடே சிரித்தது.

"தாலியக் காணோம். ஆனா எங்க சனம் பூரா இருக்குதுப்பா" என்றார்.

நீ டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு சென்னை. ஏழு வருஷம் உதவி இயக்குநர், அதற்கப்புறம் உன் பெயரிலேயே காமெடி சீரியல். எடிட்டிங்குக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டாய். ஊரே உன் பெயரைச் சொன்ன காலத்திலும், சேனலுக்குக் கொடுக்குமுன் ஒவ்வொரு எபிசோடையும் அந்தக் கண்டமங்கலம் வீட்டுக்குத்தான் எடுத்துப் போனாய்.

"அவங்க மூஞ்சியப் பார்த்துக்கினே இருடா. சிரிக்காத எடத்துல கத்திரி போடு. எனக்குப் புடிச்ச எடமா இருந்தாலும் போடு."

எவ்வளவு நல்ல காட்சிகளை இரக்கமே இல்லாமல் வெட்டச் சொன்னாய். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கடைசி எபிசோடோடு கண்டமங்கலம் போனேன். சேனல் கொடுத்த நேரத்தைவிட நான்கு நிமிஷம் அதிகம் இருந்தது. எதை வெட்டி உன் பெயரைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். முதல்முறையாக உன் இடத்தில், டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். தொடக்கத்திலிருந்து சிரித்தார்கள். நீயே பியூனாக நடித்த காட்சி வந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதயும் வெட்டிடுவியாப்பா?"

வெட்டிவிட்டேன்டா. சேனலில் நீ வரவில்லை. அந்த நான்கு நிமிஷம் என்னிடம்தான் இருக்கிறது.