முப்பத்தைந்தா, ஐம்பதா?

நெல் வாளியின் மூடியைத் திறந்ததும் ஈர நெல்லின் வாசம் மூக்கில் அடித்தது. அப்போதே விளங்கிவிட்டது எனக்கு. கையை உள்ளே விட்டு, துணியில் சுற்றி வைத்திருந்த உங்கள் ஐம்பது மில்லிமீற்றர் லென்ஸை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடிக்குள் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

"வாவிக் காத்துப் பட்டா லென்ஸ் பூத்துப் போகும். காஞ்ச நெல்லுக்குள்ள வெச்சா ஈரம் அண்டாது" என்பீர்கள். ஊரெல்லாம் அதற்கென்று விற்கிற சின்னப் பொட்டலங்களைப் போட்டு வைக்க, நம் வீட்டில் மட்டும் கமரா நெல்லுக்குள் படுத்தது. உங்கள் முறை நன்றாகத்தான் வேலை செய்தது. நீங்கள் போன பிறகு கிரானிலிருந்து உங்கள் அண்ணன் வந்தார். "தம்பிர நெல்லு பழசாப் போச்சு புள்ள" என்று பழையதைக் கொட்டிவிட்டு, வயல் வட்டையில் அப்போதுதான் வெட்டிய புது நெல்லை நிரப்பி வைத்தார். வெயிலே காணாத நெல். பாசத்தில் செய்ததுதான். அவரோடு சண்டை பிடிக்கவும் தெம்பில்லை, அழவும் தெம்பில்லை. லென்ஸை மேசையில் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டேன்.

களைத்துப் போனேன், தெரியுமா? போன மாரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் நீங்கள், திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றையும் நானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கூரைக்கு எந்த ஓடு, மோட்டாருக்கு எந்த வயர். இப்போது லென்ஸும் வந்து சேர்ந்தது.

வேலையும் குறைந்துவிட்டது. பெரியகல்லாற்றில் பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியச் சடங்குக்குப் படமெடுக்க என்னைச் சொல்லி வைத்திருந்தார்கள். பிறகு "திகதி மாறிட்டுகா" என்றார்கள். திகதி மாறவில்லை. குறித்த நாளில் வேறொருத்தி போய் எடுத்தாள். தாலி இல்லாத கழுத்தோடு, பிள்ளையை இருத்தும் மணவறைக்கு முன்னால் நான் நிற்கக் கூடாதாம். முகத்துக்கு நேரே சொன்னால் நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். சொல்ல மாட்டார்கள்.

கூப்பிட்டது காத்தான்குடி ராத்தாதான். மூத்த மகளின் கலியாணத்தில் பெண்கள் பக்கத்தை நான்தான் எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? இப்போது இளையவளுக்கு. தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டா: "தங்கச்சி, உங்கட இத்தா முடிஞ்சா? முடிஞ்சாத்தானே வெளிக்கிடுவீங்க." கணவன் இறந்த பெண் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாளை முஸ்லிம்கள் அப்படிச் சொல்வார்கள். "எங்களுக்கு அப்பிடியொண்டு இல்ல ராத்தா" என்றேன். "அப்ப எப்பதான் முடியும்?" என்று கேட்டா. பாவம், உண்மையாகவே கேட்டா. "நான் வாறன் ராத்தா" என்றேன்.

ஆகவே லென்ஸ் தேவைப்பட்டது. கொழும்பில் நமக்குக் கமரா திருத்தித் தரும் தம்பியிடம் பூஞ்சணம் பிடித்ததை அனுப்பினேன். உள்ளே பூச்சு அரித்துவிட்டது, துடைத்தாலும் மங்கலாகத்தான் விழும் என்றான். அவனிடம் இரண்டு இருந்தன. ஒன்று உங்களுடையதைப் போலவே பழைய ஐம்பது. மற்றது முப்பத்தைந்து. ஒரு சின்னப் பட்டறையில் கையால் பூட்டிச் செய்வது, எலுமிச்சம்பழம் அளவுதான், அறை விளக்கு வெளிச்சமே அதற்குப் போதும். "எது வேணுமெண்டு யோசிச்சுச் சொல்லுங்க அக்கா."

யோசிக்க என்ன இருக்கிறது? இந்த வழக்கை நீங்களும் நானும் எத்தனை வருடம் பேசினோம்! கலியாண வீடுகளில் நீங்கள் ஆண்கள் பக்கத்தை எடுப்பீர்கள், நான் பெண்கள் பக்கத்தை. உங்கள் தம்பி கட்டாரிலிருந்து கொண்டுவந்த ரேஞ்ச்பைண்டர் என் கைக்கு வந்தது அதனால்தான். சத்தமில்லாத சின்னக் கமரா, அதைக் கண்டால் பெண்கள் முந்தானையை இழுத்து முகத்தை மூடுவதில்லை. பிளாஷும் வேண்டாம். ஆனால் அந்த அறைகள் உங்களுக்குத் தெரியாது. மணப்பெண், மாமிமார், மச்சிமார், மடியில் பிள்ளைகள், நடுவில் ஒரு கட்டில். பின்னால் நகர இடமில்லை, அகலமாகப் பிடிக்கிற முப்பத்தைந்துதான் சரி என்றேன்.

நீங்கள் விட்டீர்களா? உங்கள் அக்காமாரை வரவழைத்து நம் கட்டிலில் இருத்தினீர்கள். வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருகா, தாராளமா இடம் இரிக்கி" என்றீர்கள்.

"ரெண்டு பேர வெச்சுப் பாத்தா இடம் இரிக்கும்தான். அங்க வந்து பாருங்க."

"அங்க என்னை விடுவாங்களா?"

அக்காமார் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "பொம்புளப் புள்ளைக்கு முகம்தான் முக்கியம். முப்பத்தஞ்சக் கொண்டு கிட்டப் போனா மூக்குப் பெருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லி ஐம்பதை வாங்கிவிட்டீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அலுமாரிக் கைப்பிடி என் முதுகில் குத்தியது. முகங்கள் நன்றாக விழுந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதுகு என்னுடையது.

கொழும்புத் தம்பிக்குப் போன் எடுத்தேன். "முப்பத்தைந்து" என்று சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு காலம் கேட்டது கையருகில் வந்துவிட்டது. மறுத்துப் பேச ஆளில்லாமல் அதை எப்படி எடுப்பது? மூக்குப் பெருக்கும் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அவனே சொன்னான்: "அக்கா, இன்னொண்டு. இந்தச் சின்னது பழையத விடக் கிட்டப் பிடிக்கும். மேசைக்கு அங்கால இருக்கிற ஆளும் தெளிவா விழும்."

ஐம்பதுக்கு ஒரு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், அதற்குள் எல்லாம் மங்கல். காலையில் தேநீரோடு உங்களைப் பார்த்து நான் கமராவைத் தூக்கினால், நீங்களாகவே கதிரையைப் பின்னுக்குத் தள்ளுவீர்கள். "காணுமா? இன்னும் போகவா?" உங்கள் படமென்று என்னிடம் இருப்பதெல்லாம் அப்படி எடுத்ததுதான். செத்த வீட்டில் மாலை போட்டு வைத்ததும் அதில் ஒன்றுதான். எல்லாவற்றிலும் நீங்கள் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறீர்கள்.

"சின்னதையே அனுப்புங்க தம்பி" என்றேன்.

நேற்று வந்து சேர்ந்தது. இன்று காலை கமராவில் பூட்டி, தேநீரை ஊற்றிக்கொண்டு என் இடத்தில் இருந்தேன். பார்க்கிற கண்ணாடியின் நடுவில் இரண்டாகத் தெரிகிற உருவத்தை, வளையத்தைத் திருப்பித் திருப்பி ஒன்றாகச் சேர்த்தேன். உங்கள் கதிரையின் சாய்மானம், அதில் உங்கள் தலையெண்ணெய் ஊறிய கறை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. நீங்கள் இருந்தால் இன்றைக்கு எங்கும் தள்ளிப் போக வேண்டியிருக்காது.