பெட்டி எடுக்கும் பாட்டில் உன் சறுக்கல்

மச்சான்,

உன் மகள் உன் ட்ரம்பெட்டைப் பழப்புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முற்றம் முழுக்கப் புளி மணம். நாளைக்கு உன் முப்பத்தோராம் நாள் பூசை. படத்துக்குப் பக்கத்தில் அதைப் பளபளவென்று வைக்கவேண்டுமாம். நீ இருந்திருந்தால், "புளி போட்டுத் தேய்க்க உதென்ன தண்ணிச் செம்பே?" என்று குதித்திருப்பாய். அந்தச் சத்தம் உள்ளே இருந்து வரும் என்று நான் மெய்யாகவே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் நினைவு வந்தது. ஒரு மாதமாக இப்படித்தான். ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்தி கேட்பவன் மாதிரித் திடுக்கிடுகிறேன்.

உன்னைப் பார்க்கத்தானடா பாரிசிலிருந்து வந்தேன். செத்தவீட்டுக்கு வரவில்லை. விமானத்தால் இறங்கி, தொலைபேசிக்கு இங்கத்தைய சிம் போடக்கூட நிற்காமல் வான் பிடித்து, விடியற்புறம் குருநகரில் உன் வீட்டு ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் பந்தல். "பார், எனக்குப் பந்தலும் போட்டு வைச்சிருக்கிறான் விசரன்" என்று வான்காரத் தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. உன் மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"மாமா, எத்தினை தரம் போன் எடுத்தனாங்கள்... அப்பா நேற்றுப் பின்னேரம்... தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர் மாமா."

உள்ளே போனால் நீ கோட்டுப் போட்டுக்கொண்டு சவப்பெட்டிக்குள் கிடக்கிறாய். கோட்டு! கலியாணத்துக்கே சாரத்தோடு வரப் பார்த்த ஆள் நீ. அழுகை வரவில்லை, மச்சான். கோபம்தான் வந்தது. ஒரு நாள் பொறுத்திருக்க முடியாதா உனக்கு?

யாழ்ப்பாணத்தில் முதன்முதலில் ஜாஸ் ஊதியவன் நீ என்று பாரிசில் நான் சொன்னால் எங்கடை ஆட்களே சிரிப்பார்கள். மீன்பிடிக் குடும்பத்துப் பெடியனுக்கு ஜாஸ் எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். கப்பலில் வேலை செய்த உன் சித்தப்பா கொண்டு வந்த ஒரேயொரு கசெற்றில் கிடைத்தது என்று சொல்வேன். மேலே ஒட்டிய தாள் உரிந்து போய், ஊதியவர் யாரென்றே தெரியாத கசெற். வேதக்கோயில் பாண்டில் பாட்டை அளந்து அளந்து ஊதிக்கொண்டிருந்த நீ அதைக் கேட்ட அன்று இரவு சாப்பிடவில்லை. "இவன் ஊதேல்லை, கதைக்கிறான்" என்றாய்.

சண்டையும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலம். மின்சாரம் இல்லை, பற்றரி கண்ணிலும் காண முடியாது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் பெட்டிக்குக் கொடுத்தோம். மிதிப்பது நான், கேட்பது நீ. பாண்டில் பெரிய ட்ரம் அடிப்பவனுக்கு உடம்பில் பலம் கூட என்பது உன் நியாயம். நல்ல நியாயம்தான். பாட்டின் நடுவில் ஓரிடத்தில் அந்த மனிதன் மேலே மேலே ஏறிப் போவான். அந்த இடத்துக்கு வரும்போது எனக்குக் கால் சோர்ந்துவிடும். சுருதி அப்படியே சறுக்கிக் கீழே விழும். நீ "மிதியடா!" என்று கத்த, நான் உன்னி மிதிக்க, அது சுற்றிக்கொண்டு திரும்பவும் ஏறும். சறுக்கி, தொங்கி, சுற்றி, ஏறும். அதுவும் அந்த மனிதனின் வித்தை என்றே நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாதக்கணக்கில் அந்தச் சறுக்கலைப் பழகினாய்.

அதை எங்கே ஊதுவது? ஊரில் பாண்டுக்கு இருந்ததெல்லாம் பெருநாளும் செத்தவீடும். அந்த வருடங்களில் செத்தவீடுதான் அதிகம். கடலுக்குப் போய்ப் பிணமாக வந்த ஒருவனின் வீட்டில், பெட்டி எடுக்கும் பாட்டின் மூன்றாவது அடியில் நீ நேரே ஏறவில்லை. சறுக்கினாய். எனக்கு ட்ரம் அடி தவறிவிட்டது. அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பி உன்னைப் பார்த்தார்கள். பிறகு அந்த வீட்டுத் தாய் போட்ட ஓலம் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. சேமக்காலையில் குழி மூட முன்னமே கோயில் சபைத் தலைவர் உன்னைப் பிடித்துக்கொண்டார்.

"செத்தவீட்டிலை சனம் ஆடுறதுக்குப் பைலாவோடா அடிக்கிறாய்?"

"பைலா இல்லை ஐயா. அந்தத் தாய் அழுததைத்தான் ஊதினன்."

அடுத்த செத்தவீட்டுக்கு உன்னைக் கூப்பிடவேண்டாம் என்று அவர் சொன்னார். அடுத்த செத்தவீட்டுக்காரர் உன்னைத்தான் கேட்டார்கள்.

பிறகு நான் வெளிநாடு போய்விட்டேன். பாரிசில் ஒருநாள், ஒரு பழைய சாமான் கடையில் அதே பாட்டுக் கேட்டது. அந்த இடம் வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சறுக்கவேயில்லை, மச்சான்! அந்த மனிதன் ஏணியில் ஏறுகிறவன் மாதிரி நேரே ஏறிப் போனான். அன்றைக்கே உனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். நீ வெடித்துச் சிரித்தாய். "அப்ப நான் இவ்வளவு காலமும் உன்ரை காலையோடா ஊதினனான்? பறவாயில்லை. அவன்ரையை விட உன்ரை கால் நல்லாத்தான் ஊதியிருக்கு."

அதற்கு முன்னமே ஷெல் விழுந்து உன் ஒரு காது போயிருந்தது. மற்றக் காதும் மெல்ல மெல்லப் போனது. ட்ரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாய். எங்கள் பாண்டும் கலைந்தது. கடைசி வருடங்களில் நாம் வீடியோவில் கதைத்த கதையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. நீ உரத்துக் கத்துவாய். நான் மட்டையில் பெரிதாக எழுதிப் பிடிப்பேன். கடைசியாகக் கதைத்தபோது நீ கத்தவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டாய்.

"மச்சான், எனக்குப் பிறகு எவனாவது அப்பிடி ஊதுறானோ? செத்தவீடுகளுக்குப் போறன். கன்னம் உப்புறது தெரியுது, என்ன வருகுதெண்டு தெரியேல்லை. மகளைக் கேட்டா, 'ஓம் அப்பா, நல்லா ஊதுறாங்கள்' எண்டுறாள். எல்லாரும் தலையாட்டுறாங்கள். நான் நம்பேல்லை. நீ வந்து கேட்டுச் சொல்லு. உனக்குத்தான் வித்தியாசம் தெரியும்."

மெய்தான். பழைய நேர்ப் பாட்டுக்கும் உன் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களில் மிஞ்சியது நான்தான். "வாறன்" என்று மட்டையில் எழுதிக் காட்டினேன். வந்தேன்.

அடக்கத்துக்கு அயல் கோயில் பங்கிலிருந்து ஒரு பாண்ட் வந்திருந்தது. எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பெடியள். வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியும், ஒருவன் காதில் தோடு. இவர்கள் எதை ஊதிக் கிழிக்கப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு பந்தல் காலைப் பிடித்தபடி நின்றேன். சுவாமியார் செபம் முடித்தார். பெட்டி தூக்கினார்கள். பாட்டுத் தொடங்கியது. முதலாம் அடி, இரண்டாம் அடி.

மூன்றாவது அடியில் அந்தத் தோடு போட்ட பெடியன் சறுக்கினான்.

சறுக்கி, தொங்கி, சுற்றி, ஏறினான். பக்கத்தில் நின்ற மற்ற ட்ரம்பெட்காரனும் அப்படியே. அதற்கு ஏற்ற மாதிரி ட்ரம் அடிப்பவனும் ஓரடி பிந்தி அடித்தான், தவறாமல். எனக்குப் பேயறைந்தது போலிருந்தது. பெட்டி என்னைத் தாண்டிப் போகிறது, நான் உன்னைப் பார்த்து, "டேய், கேக்குதோடா!" என்று கத்திவிட்டேன். சனம் திரும்பிப் பார்த்தது. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று உன் மகள் என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தாள். அவளுக்கு என்ன தெரியும்? பிறந்ததிலிருந்து அவளுக்குப் பாட்டென்றால் அதுதான்.

சேமக்காலை வாசலில் அந்தப் பெடியனைப் பிடித்தேன். சோடா குடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, அந்த மூண்டாம் அடியை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை ஐயா. கேட்டுப் பழகினதுதான். எல்லாரும் உப்பிடித்தான் வாசிக்கிறவை. தூரத்திலை, தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு செத்தவீட்டுக்குப் போனனாங்கள், அங்கையும் உதுதான் கேட்டவை."

"உது இப்ப புதைச்ச மனிசன்ரை ஊதலடா!"

அவன் மரியாதையாகத்தான் சிரித்தான். "இல்லை ஐயா, உது பழைய கோயில் பாட்டு. ஆற்றையும் இல்லை."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஆற்றையும் இல்லையாம், ஒருத்தனுக்கும் சொந்தமில்லையாம்! பழைய பாட்டு எப்படியென்று காட்டுகிறேன் பார் என்று, அந்த வாசலிலேயே நின்று, சின்ன வயதில் கோயிலில் நாம் படித்த மாதிரி, மூன்றாவது அடியை நேரே ஏற்றிப் பாடினேன். சரியாகத்தான் பாடினேன். பெடியன் தலையைச் சரித்துக் கவனமாகக் கேட்டான். முடிந்ததும் என் தோளில் மெல்லக் கை வைத்தான்.

"ஐயா, குறை நினையாதையுங்கோ. நீங்கள் பிழையாப் பாடுறியள்."

அவன் எனக்காக அதைத் திருத்தி, சறுக்கலோடு, ஆறுதலாக ஒருதரம் பாடிக் காட்டினான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெடியனின் வெள்ளைச் சேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

நாளைப் பூசை முடிய நான் பாரிசுக்குப் போகவேண்டும். எவனாவது ஊதுறானோ என்று கேட்டாய். எல்லாரும் ஊதுகிறார்கள், மச்சான். ஊதாதவனைத் திருத்துகிறார்கள். இதை மட்டையில் எழுதினேன், உனக்குத் தெரியும்படி பெரிதாக. இப்போது கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், யாருக்குக் காட்டுவது?