அடி வரிசை

மைனி,

போன வாரம் செங்கோட்டை ரோட்டில் பஸ் நின்றுவிட்டது. சரிவில் தேனடை மாதிரி கருப்பு பிளாஸ்டிக் கட்டங்களை விரித்து, ஆட்கள் மண்ணை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். "ஜியோசெல்லாம்க்கா, மண்ணைச் சரிய விடாதாம்" என்றார் கண்டக்டர். ஜன்னல் வழியே ஈரமண் வாசம் வந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டேன். உங்கள் நினைப்புதான்.

எண்பதுகளில் குற்றாலத்தில் சீசனுக்கு ரூம் கட்டாதவன் யார்? என் அண்ணனும் நீங்கள் வாழவந்த வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டை வெட்டி ரூம் கட்டினான். வெட்டின இடம் செக்கச்செவேலென்று நின்றது. "ஏட்டி, தோலை உரிச்சுப் போட்ட மாதிரில்லா இருக்கு" என்றீர்கள். தென்காசி லாரி பட்டறையிலிருந்து தேய்ந்த டயர்களை வரவழைத்து, கீழிருந்து மேலாக அடுக்கி, கம்பியால் பிணைத்து, உள்ளே மண்ணும் சரளையும் திணித்து, வெட்டிவேர் நட்டீர்கள். "மைனி டயர்க் கடை போட்டாச்சு" என்று நான்கூடக் கேலி செய்தேன். இரண்டு மழைக்காலம் ஒரு பிடி மண் இறங்கவில்லை.

அண்ணனுக்கு இன்னொரு ரூம் வேண்டியிருந்தது. இடத்துக்காக அடி வரிசை டயர்களை மட்டும் உருவிவிட்டான்.

"மேல அவ்வளவும் அப்படியே இருக்குல்லா, என்னத்துக்குக் கத்துத?"

"நாடாவ உருவிட்டு, பாவாடை இருக்குல்லாங்கிற மாதிரி இருக்கு நீங்க சொல்லுதது."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை மைனி.

அந்த ஐப்பசியில் மழை விடவேயில்லை. மேட்டின் அடியில் தெளிவாகக் கசிந்த தண்ணீர் ஒருநாள் காலையில் செம்மண்ணாகக் கலங்கி வந்தது. புது ரூம் கதவு நிலையில் பிடித்துக்கொண்டு சாத்த வரவில்லை. மத்தியானம் பொலபொலவென்று மண் உதிரும் சத்தம் கேட்டது. மேலே பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை; சத்தம் அடியிலிருந்துதான் வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினீர்கள். நான் ரோட்டுக்கு ஓடிவிட்டேன். அண்ணன் மட்டும் புதுக் கட்டில்களை எடுக்க உள்ளே போனான். "கட்டிலு கிடக்கட்டும், நீங்க வாங்க!" என்று அவனை இழுக்க நீங்களும் போனீர்கள். வாசலில் அவனை முதுகில் கைவைத்துத் தள்ளியது வரை பார்த்தேன். அதற்கப்புறம் அங்கே வாசலே இல்லை.

சாரல் தொடங்கினால் போதும், அண்ணன் இன்றைக்கும் முற்றத்தில் நின்று, "பாழாப்போற மழை, எம் பொண்டாட்டியக் கொண்டுட்டுப் போயிட்டே" என்று திட்டுகிறான். கண்ணும் சரியாகத் தெரியவில்லை அவனுக்கு. நான் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

மழையா மைனி அந்த டயர்களை உருவியது? எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்கமாட்டேன். அந்த ஒரு பொய்யின் மேல்தான் அவன் நிற்கிறான். அதையும் நான் உருவிவிட்டால், நீங்கள் வெளியே தள்ளிவிட்ட ஆள் மிஞ்சமாட்டான்.