எலுமிச்சை கேட்ட மேசை

கம்பாடோஸ்,
6 ஜூன் 1994

அன்புள்ள தம்பி பிராய்ஸுக்கு,

அக்கா சபேலா எழுதுவது. உடைந்த கால் முழுக்கக் கூடிவிட்டது. ஊன்றுகோலைப் பரணில் போட்டாயிற்று. போனில் பேசினால் நீ கத்திவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய புது வெள்ளை ஒயினை நேற்று என் சாப்பாட்டுக் கடையில் திறந்தேன். டொரிண்டா காலையெல்லாம் ஈர மணலில் மட்டி தோண்டிவிட்டு வந்தாள். அவள் தோண்டியதையே வேகவைத்துக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "சபேலா, எலுமிச்சம்பழம் இருந்தா ஒண்ணு வெட்டிக் குடேன்" என்றாள்.

பத்தொன்பது வருஷமாக என் மேசைகளில் எலுமிச்சை கிடையாது. நம் திராட்சைப் பந்தலின் அல்பாரின்யோ ஒயின் இருக்கும்போது எதற்கு? அந்தப் புளிப்பும் கடல் உப்பும் மட்டிக்கும் போதும், பேய்க்கணவாய்க்கும் போதும். நேற்று மட்டும் நாலு மேசையில் கேட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

இது எந்தத் திராட்சை?

உன் அக்கா,
சபேலா

மெயான்யோ,
11 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பாய் என்று பிரித்தேன். போலீஸ்காரர் மாதிரி விசாரித்திருக்கிறாய்.

போன வருஷம் வெயில் அதிகம், புளிப்பு குறைந்துவிட்டது. அவ்வளவுதான். நீ காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தாய், ஒரு குலைகூட வெட்டவில்லை. இப்போது குறை மட்டும் சொல்கிறாய். ஆகஸ்ட் திருவிழாப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டேன். பரிசு வாங்கினால் டொரிண்டா வாயை மூடிக்கொள்வாள்.

பிராய்ஸ்

கம்பாடோஸ்,
15 ஜூன்

பிராய்ஸ்,

வெயிலா? ஜன்னலோரம் படுத்து மழையைப் பார்த்துக்கொண்டே கிடந்தவள் நான். கால் கட்டே பூசணம் பிடிக்கும் போல இருந்தது.

நாற்காலி போட்டு உட்கார்ந்தாவது குலை வெட்டுகிறேன் என்றேன். வராதே என்று மூன்று தடவை சொன்னாய். பாசம் என்று நினைத்தேன், நான் ஒரு முட்டாள்.

போட்டிக்குச் சொந்தப் பந்தல் திராட்சை என்று கையெழுத்துப் போட வேண்டும். நீ போட்டால் எனக்குத் தம்பி இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை.

சபேலா

மெயான்யோ,
29 ஜூன்

அக்கா,

மழை விட்ட வாரத்தில் மருந்து அடித்திருக்க வேண்டும். நான் சிநேகிதன் கல்யாணத்துக்குப் போர்ச்சுகல் போயிருந்தேன். ஆறு நாள்தான். திரும்பி வந்தபோது இலைக்கு அடியில் வெள்ளைப் பூசணம், குலையெல்லாம் பழுப்பு. பந்தலைத் தாங்கும் கல்தூண்கள் மட்டும்தான் நன்றாக நின்றன.

மலைக்கு அந்தப் பக்கத்துத் திராட்சையை லாரியில் வாங்கிப் பிழிந்தேன்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பா பந்தலை என் பேருக்கு எழுதிய அன்று, சொந்தக்காரர் எல்லார் முன்னாலும் நீ என்ன சொன்னாய்? "இவன் கையில குடுத்தா ரெண்டே வருஷத்துல பந்தல் காஞ்சிடும்." இரண்டாவது வருஷமே காய்ந்தது, அக்கா. உன் வாய் பலித்ததை உன்னிடமே எப்படி வந்து சொல்வேன்?

போட்டியிலிருந்து பேரை எடுத்துவிட்டேன். காரணத்தையும் திராட்சைக்காரர் சங்கத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

தப்பிய குலைகளிலிருந்து பதினெட்டு லிட்டர் கிடைத்தது. கண்ணாடிக் குடுவையில் ஒளித்து வைத்திருந்தேன். ரொட்டி வண்டிக்காரரிடம் இரண்டு புட்டி கொடுத்தனுப்புகிறேன். மட்டியோடு குடித்துப் பார்.

பிராய்ஸ்

கம்பாடோஸ்,
9 ஜூலை

தம்பி,

நானும் டொரிண்டாவும் குடித்தோம். ஒரு மாதப் பழக்கத்தில் மட்டிமேல் பிழிய எலுமிச்சையைக் கையில் எடுத்துவிட்டேன், அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். அப்புறம் இரண்டு பேரும் தட்டைக் காலி செய்தோம்.

அன்று நான் சொன்னது தப்பு. பந்தல் எனக்கு வரவில்லை என்ற வயிற்றெரிச்சலில் சொன்னது. யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை, உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் இந்த வருஷம் முழுக்க என் மேசைகளில் எலுமிச்சை இருக்கும். ஏன் என்று கேட்பவர்களுக்கு உள்ளதைச் சொல்வேன். உனக்கு வலிக்கும், வலிக்கட்டும்.

செப்டம்பரில் குலை வெட்ட வருகிறேன். என் கத்தரியைத் தீட்டி வை.

மூன்று நாளாக இங்கே மழை. கடிதம் வந்து சேரும்போது விட்டிருக்கும். பதில் எழுத உட்காராதே. முதலில் போய் மருந்து அடி.

உன் அக்கா,
சபேலா